ஒரு குளிசைக்குள்ளே இரண்டு மருந்து: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் நாரிவலி பற்றி நாலு வரி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: டொக்டர் எழுதித் தந்த வலிக் குளிசையை எப்படிப் போடுவது, அதோடு வேறு எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது. அதனால் சீனி வருத்தம், முடி கொட்டுவது பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபிக்க வேண்டாம், இது அவசரம்.

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, அம்மாவுக்கு 68 வயது, 42 கிலோதான் இருக்கிறா. குளியலறையில் வழுக்கி விழுந்து முள்ளந்தண்டில் ஒரு எலும்பு நசுங்கிவிட்டது. ஒப்பரேஷன் தேவையில்லை என்று சொல்லி, ட்ரமடோலும் பரசிட்டமோலும் சேர்ந்த குளிசை ஒன்று, நாளுக்கு மூன்று தரம் போடச் சொல்லி எழுதித் தந்தார்கள். அது காணாதென்று அம்மா இடையிலே இரண்டிரண்டு பனடோல், அதுவும் நாளுக்கு மூன்று தரம் போடுகிறா. கேட்டால் "பனடோல்தானே பிள்ளை" என்கிறா. பிறகு பக்கத்து ஒழுங்கை டொக்டரிடம் போய் ஒரு கடதாசிப் பையில் வெள்ளைக் குளிசை வேறு வாங்கி வந்திருக்கிறா, அது என்ன மருந்தென்று எங்களுக்குத் தெரியாது. பிரஷருக்கும் போடுகிறவ. இரண்டு நாளாக ஒரே நித்திரை, எழும்பினால் தலைசுற்று, சாப்பாடும் இறங்குதில்லை. என்ன செய்ய?
— ஒரு மகள், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, கடிதத்தில் தொலைபேசி இலக்கம் இருந்தபடியால் வாசித்த கையோடு எடுத்துக் கதைத்துவிட்டேன். நீங்களும் அன்றைக்கே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீர்கள். ஈரலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நீங்கள் திரும்ப எடுத்துச் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உங்களுக்குச் சொன்னதை இங்கே மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் அம்மா செய்ததையே செய்கிறவர்களை நான் மருந்துக் கவுண்டருக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன்.

அந்தக் குளிசைக்குள் இருப்பது ஒரு மருந்தல்ல, இரண்டு. வழக்கமாக வருவதில் ட்ரமடோல் 37.5 மில்லிகிராம், பரசிட்டமோல் 325 மில்லிகிராம். பரசிட்டமோல் என்பது பனடோலுக்குள் இருக்கும் அதே மருந்து, சாதாரண பனடோல் ஒன்றில் அது 500 மில்லிகிராம் இருக்கிறது. சரி, கூட்டிப் பார்ப்போம். டொக்டரின் குளிசை மூன்றில் 975. பனடோல் ஆறில் 3000. மொத்தம் 3975 மில்லிகிராம். வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்துக்கு உச்சம் 4000 என்று சொல்வார்கள், அதற்கு இன்னும் 25 மிச்சம் இருக்கிறதே என்று யாரும் ஆறுதல்பட வேண்டாம். அந்த 4000 நல்ல உடம்புள்ள, ஒழுங்காகச் சாப்பிடுகிற, ஈரலில் பழுதில்லாத, குடிப்பழக்கம் இல்லாத ஆளுக்கு. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு நிறையைப் பார்த்துத்தான் கணக்கு: கிலோவுக்கு ஒரு தரத்தில் 15 மில்லிகிராம், முழு நாளுக்கு 60 மில்லிகிராம் என்பது டொக்டர்மார் வழக்கமாகப் பார்க்கும் அளவு. 42 கிலோ அம்மாவுக்கு அப்படிப் பார்த்தால் ஒரு தரத்துக்கு 630, நாளுக்கு 2520. அம்மா போட்டது அதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல், அதுவும் ஒரு நாளல்ல, நாள் கணக்காக, சரியான சாப்பாடும் இல்லாமல்.

சாப்பாட்டை ஏன் இழுக்கிறேன் என்றால், பரசிட்டமோலை ஈரல் உடைக்கும்போது அதில் ஒரு சின்னப் பங்கு நஞ்சாகத்தான் மாறுகிறது. அந்த நஞ்சை அப்பப்போ அமர்த்திவிட ஈரலிடம் குளூட்டாதயோன் என்று ஒரு கையிருப்பு உண்டு. அளவாகப் போட்டால் கையிருப்பு போதும். அளவு மீறினாலோ, மெலிந்துபோய் சாப்பிடாமல் இருப்பவருக்கோ அது கெதியாக முடிந்துவிடும், பிறகு அந்த நஞ்சு ஈரலையே பதம் பார்க்கும். இதில் மிகவும் பொல்லாத விஷயம், முதல் நாள் கொஞ்சம் ஓங்காளம், சோர்வு, அவ்வளவுதான் தெரியும். சில பேருக்கு அதுவும் இல்லை. இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வலது விலாவுக்குக் கீழே நோவு, கண் மஞ்சள் எல்லாம் வரும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்று நல்ல மாற்று மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது, கூடுதலாக விழுங்கி எட்டு மணித்தியாலத்துக்குள் ஏற்றினால் மிக நன்றாக வேலை செய்யும். அதனால் கணக்குப் பிழைத்துவிட்டது என்று தெரிந்தால் "ஆள் நல்லாத்தானே இருக்கிறா" என்று பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. போட்ட குளிசை மட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு உடனே புறப்படுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் நச்சியல் தகவல் நிலையமும் இருக்கிறது, டொக்டர்மாரே சந்தேகம் வந்தால் அங்கே கேட்கிறார்கள்.

நித்திரையும் தலைசுற்றும் மற்றப் பங்காளி ட்ரமடோலின் வேலை. அது ஓபியோயிட் என்ற வகை, மோர்பினுக்குச் சொந்தம். வயது போனவர்களின் உடம்பை விட்டு அது மெதுவாகத்தான் போகும், சிறுநீரகம் பலவீனம் என்றால் இன்னும் மெதுவாக. இதோடு இரவில் நித்திரைக் குளிசை, நரம்புவலிக்கு ப்ரீகபலின், கபபென்டின் போன்றவையும் சேர்ந்தால் நித்திரை ஆழமாகி மூச்சே மந்தமாகலாம். தட்டி எழுப்பியும் எழும்பாமல், மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தால், உதடு நீலம் பாரித்தால், 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடியுங்கள், காசு இல்லை, யோசிக்க வேண்டாம். மனச்சோர்வுக்கு ஃபுளூஒக்செட்டின், செர்ட்ரலின் போன்றது போடுகிறவர்களும், வலிப்பு வருத்தம் உள்ளவர்களும் ட்ரமடோல் எழுதப்படும்போதே டொக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். ட்ரமடோலே வலிப்பைக் கொண்டு வரக்கூடியது.

இனி அந்தக் கடதாசிப் பை. நீங்கள் போனில் விபரித்தீர்கள்: உள்ளங்கை அளவுப் பை, நீலப் பேனையால் 1×2, அடியிலே 'சாப்பாட்டுக்குப் பிறகு', அவ்வளவுதான். அந்த டொக்டரிடம் போய்க் கேட்டபோது டைக்ளோஃபெனாக் என்றார், அதுவும் வலிக்கும் வீக்கத்துக்கும் போடுகிற குளிசைதான். அம்மா பிரஷருக்குப் போடுவது லொசார்டன், அதோடு சலம் போகிற குளிசையும் இருக்கிறது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் வயதானவரின் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைந்து அது திடீரென்று மந்தமாகலாம், டைக்ளோஃபெனாக் இரைப்பையிலும் புண் போடும். அந்த டொக்டரில் முழுப் பிழை என்று நான் சொல்ல மாட்டேன். மற்ற ஆஸ்பத்திரியில் தந்த குளிசை பற்றி அம்மா அவரிடம் மூச்சு விடவில்லையே. ஆனால் பெயரில்லாத பை பிழைதான். மருந்து வாங்குகிற எல்லாருக்கும் சொல்கிறேன், பையில் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் எழுதித் தாருங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. வெட்கப்பட ஒன்றுமில்லை, அரை நிமிஷ வேலை.

பாமசிகளிலும் இதே கதைதான். பத்துக் குளிசை மட்டையில் ஆறு கேட்டால் கத்தரிக்கோலால் வெட்டித் தருகிறோம், பெயரும் காலாவதித் திகதியும் உள்ள பக்கம் சிலவேளை எங்கள் லாச்சிக்குள்ளேயே தங்கிவிடும். என் கடையில் இப்போது வெட்டிய துண்டு எல்லாவற்றிலும் சின்ன ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். ஒட்டத் தொடங்கிய பிறகுதான் எத்தனை பேர் "இது ஏற்கெனவே வீட்டில இருக்கு" என்று திருப்பித் தருகிறார்கள் என்று கண்டேன்.

வலியைப் பொறுத்துக்கொள் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லக் கூடாது. நசுங்கிய முள்ளந்தண்டு பொல்லாத வலி, அந்த வலியோடு அசையாமல் கிடந்தால் சளி கட்டும், நடை போய்விடும். சேர்ந்த குளிசையைச் செய்ததே ஒவ்வொரு மருந்தையும் கொஞ்சமாகப் போட்டு, இரண்டுமாகச் சேர்ந்து வலியைக் குறைக்கத்தான், அதில் குற்றமில்லை. காணாவிட்டால் பனடோல் பெட்டியைத் திறக்காமல் எழுதித் தந்தவரிடமே திரும்பப் போக வேண்டும். என் சொந்த அபிப்பிராயம், மெலிந்த வயதானவர்களுக்குப் பரசிட்டமோலையும் ட்ரமடோலையும் தனித்தனிக் குளிசையாக எழுதித் தந்தால் நல்லது, ஒன்றைக் கூட்டாமல் மற்றதைக் கூட்டிக் குறைக்கலாம். டொக்டரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். மலச்சிக்கல் வரும், அதையும் முதல் நாளிலிருந்தே கவனிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: லண்டனில் இருந்து வந்த மச்சாள் போகும்போது கோ-கோடமோல் என்று ஒரு பெட்டி தந்துவிட்டுப் போனா. அமெரிக்காவில் இருக்கும் மகன் அசிட்டமினோஃபென் என்று பெரிய போத்தல் அனுப்பியிருக்கிறார். இங்கத்தைய பனடோலும் வீட்டில் உண்டு. முழங்கால் வலிக்கு இவற்றில் எது நல்லது? மாறி மாறிப் போட்டால் பக்கவிளைவு குறையும் என்று ஒருவர் சொன்னார்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பம்பலப்பிட்டி

பதில்: ஐயா, மூன்று நாட்டிலிருந்து மூன்று பெட்டி வந்திருக்கிறது, மூன்றுக்குள்ளும் இருப்பது ஒரே மருந்து. பரசிட்டமோல் என்று நாங்களும் இங்கிலாந்தும் சொல்வதை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்கிறார்கள். மாறி மாறிப் போட்டால் பக்கவிளைவு குறையாது, மூன்றும் ஒரே ஈரலுக்குத்தான் போகும். மகன் அனுப்பிய போத்தலைத் திருப்பி அளவையும் பாருங்கள். 500 என்றும் வருகிறது, மூட்டுவலிக்கென்று 650 போட்டு எட்டு மணித்தியாலம் மெதுவாகக் கரைகிற வகையும் வருகிறது. அந்த 650ஐ நாலு மணித்தியாலத்துக்கொருக்கால் போட்டால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

மச்சாளின் பெட்டியில் கூடுதலாகக் கோடீன் இருக்கிறது. பெட்டியில் 8/500 என்றிருந்தால் கோடீன் 8 மில்லிகிராம், பரசிட்டமோல் 500. அதை அங்கே பாமசிக்காரர் டொக்டர் எழுதிய துண்டில்லாமலே தரலாம், ஆனால் மூன்று நாளுக்கு மேல் போட வேண்டாம் என்று பெட்டியிலேயே எச்சரித்திருப்பார்கள். 30/500 என்றிருந்தால் அது டொக்டர் துண்டுக்கு மட்டும், மச்சாளின் வருத்தத்துக்கு, மச்சாளின் உடம்பைப் பார்த்து எழுதியது. கோடீனில் இன்னொரு சங்கதி, அது உடம்புக்குள் போய் மோர்பினாக மாறித்தான் வலியைக் குறைக்கிறது. அந்த மாற்றம் சிலருக்கு மிக வேகமாக நடக்கும், ஒரு குளிசையே ஆளைச் சாய்த்துவிடும், சிலருக்கு நடக்கவே நடக்காது, வலியும் குறையாது. பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் மச்சாளுக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

வெளிநாட்டில் இருந்து வந்த பழைய குளிசைகளை அலுமாரியில் வைத்திருப்பவர்களும் இதைக் கேளுங்கள். அமெரிக்காவில் துண்டுக்குத் தரும் சேர்ந்த வலிக் குளிசைகளில் முன்பு பரசிட்டமோல் 500, 650, 750 என்றெல்லாம் இருந்தது. ஈரல் பழுதாகிறவர்கள் கூடியபடியால் ஒரு குளிசைக்கு 325க்கு மேல் வேண்டாம் என்று 2011ல் அவர்களது மருந்து நிர்வாகம் கேட்டுக்கொண்டது, 2014ஓடு பழைய அளவுகள் கடையை விட்டுப் போயின. இங்கிலாந்தில் டெக்ஸ்ட்ரோப்ரொபொக்சிஃபீனும் பரசிட்டமோலும் சேர்ந்த கோ-ப்ரொக்சமோல் என்ற குளிசையைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலே இதயத்தையும் மூச்சையும் நிறுத்துகிறது என்று 2005ல் விலக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெயரில் ஏதும் வீட்டில் கிடந்தால் எறிந்துவிடுங்கள்.

உங்கள் முழங்காலுக்கு என்னவென்று காட்டி ஒரு டொக்டரிடம் கேளுங்கள் ஐயா. வெறும் பரசிட்டமோலே போதும் என்று அவர் சொன்னால் மூன்று பெட்டியில் ஒன்றை மட்டும் வெளியே வையுங்கள், மற்றவை கண்ணில் படவே வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுகிறவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள், பரசிட்டமோலைத் தொடர்ந்து போட்டால் இரத்தம் இன்னும் இளகும், சோதனை அடிக்கடி செய்ய வேண்டி வரும்.

கேள்வி: அக்கா, நான் த்ரீவீல் ஓடுறன். நாரிக்கு டொக்டர் ட்ரமடோல் குளிசை தந்தவர், நல்லா வேலை செய்யுது. முடிஞ்சபிறகு அதே துண்டைக் காட்டி இரண்டு தரம் வாங்கிட்டன். பின்னேரம் கூட்டாளிமாரோட கொஞ்சம் குடிக்கிறதும் உண்டு. பிரச்சினை இல்லையே?
— கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, பிரச்சினை இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது, பின்சீட்டில் ஏறுகிற சனத்துக்கும் இருக்கிறது. சாராயமும் ட்ரமடோலும் ஒன்றையொன்று தூக்கிவிடும். இரண்டும் மூச்சை மந்தமாக்குகிற சாமான், குடித்துவிட்டுப் படுத்தவர் காலையில் எழும்பாமல் போவது இப்படித்தான். குளிசையில் பரசிட்டமோலும் இருந்தால் தினமும் குடிக்கிற ஈரலில் இரட்டைச் சுமை. குளிசை போடுகிற நாளில் ஒரு சொட்டும் வேண்டாம். 'கொஞ்சம்' என்பதற்கு இதில் இடமில்லை.

ஓட்டம் பற்றி: புதிதாகத் தொடங்கிய நாட்களிலும், அளவு கூட்டிய நாட்களிலும் வண்டி எடுக்கவே வேண்டாம். பழகின பிறகும் கண் சொருகினால், தலை பாரமாக இருந்தால் எடுக்க வேண்டாம். காலி வீதியில் நண்பகல் வெயிலில் கண்ணசர ஒரு செக்கன் போதும். பிழைப்பு என்று எனக்கு விளங்குகிறது, அதனால்தான் டொக்டரிடம் "நான் வாகனம் ஓடுகிறவன்" என்று சொல்லுங்கள் என்கிறேன், மயக்கம் தராத வேறு மருந்து, இரவில் மட்டும் போடுகிற ஒழுங்கு என்று ஏதாவது செய்வார்.

பழைய துண்டைக் காட்டி வாங்கியதில் உங்களுக்குத் தந்தவர்களுக்கும் பங்குண்டு. ஆனால் கேளுங்கள், ஏன் இன்னும் தேவைப்படுகிறது? நாரி இன்னும் நோகுதா, அல்லது குளிசை இல்லாவிட்டால் உடம்பு ஒரு மாதிரி இருக்குதா? இரண்டாவது என்றால் அது பழக்கம் தொடங்குகிற இடம். அதைச் சொல்லவும் டொக்டரிடம் போகலாம், ஏச மாட்டார்.

கேள்வி: பதினொரு வயது மகனுக்கு இரண்டு நாளாகக் கடும் காய்ச்சல், கை கால் உளைவு, கண்ணுக்குப் பின்னால் வலி. இவருக்குப் பல்லுக் கழற்றியபோது தந்த டைக்ளோஃபெனாக், பரசிட்டமோல் சேர்ந்த குளிசை மிச்சம் இருக்கிறது. பாதி கொடுக்கலாமா?
— தாய், தெகிவளை

பதில்: வேண்டாம் அம்மா, கால்வாசியும் வேண்டாம். இந்த மழை நாட்களில் கொழும்பில் இப்படிக் காய்ச்சல் என்றால் டெங்குவாக இருக்கலாம் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். டெங்கில் இரத்தம் உறையவைக்கும் அணுக்கள் குறைகின்றன, அந்த நேரம் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், மெஃபனமிக் அசிட், அஸ்பிரின் எது உள்ளே போனாலும் இரைப்பையில் இரத்தக் கசிவு வரலாம். சேர்ந்த குளிசையில் 'பரசிட்டமோல்' என்ற பெயரைப் பார்த்து நல்லதுதானே என்று கொடுப்பதால்தான் இந்தப் பிழை நடக்கிறது, பக்கத்தில் எழுதியிருக்கும் மற்றப் பெயரை வாசிப்பதில்லை. பிள்ளைக்கு வெறும் பரசிட்டமோல் மட்டும், நிறையைப் பார்த்து, ஆறு மணித்தியாலத்துக்கொருக்கால். காய்ச்சல் முழுதாக இறங்கவில்லை என்று கூட்டிக் கொடுக்க வேண்டாம், இளஞ்சூட்டுத் தண்ணீரால் துடையுங்கள். ஜீவனி, கஞ்சி, இளநீர் என்று குடிக்கக் கொடுங்கள், இரத்தப் பரிசோதனைக்கு இன்றைக்கே கொண்டு போங்கள். வயிற்றுநோ, விடாமல் வாந்தி, சலம் போகாமை, காய்ச்சல் விட்டபின் கை கால் குளிர்வது, இவற்றில் ஒன்று வந்தாலும் இரவென்று பார்க்காமல் ஆஸ்பத்திரி.

கோடீன் கலந்த குளிசை, பாணி எதுவும் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. பால் கொடுக்கிற தாய்மாரும் போடக் கூடாது, பாலில் இறங்கும்.

கேள்வி: ஒப்பரேஷனுக்குப் பிறகு இரண்டு மாதம் ட்ரமடோல் கலந்த குளிசை போட்டேன். வலி இல்லை என்று போன வாரம் ஒரேயடியாக நிறுத்தினேன். இப்போது வியர்வை, நித்திரை இல்லை, கை நடுக்கம், மூக்கால் தண்ணீர். தடிமனா?
— மட்டக்குளி

பதில்: தடிமன் இல்லை, திடீரென்று நிறுத்தியதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. இரண்டு மாதம் போட்ட யாருக்கும் வரலாம், நீங்கள் அடிமை என்று அர்த்தமில்லை. எழுதித் தந்த டொக்டரிடம் போய்ப் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணை ஒன்று கேளுங்கள், சில கிழமையில் சுகமாக விட்டுவிடலாம். அதுவரை தடிமன் குளிசை என்று கடையில் வாங்கிப் போட வேண்டாம், அவற்றில் பலவற்றில் பரசிட்டமோல் இருக்கிறது.

கேள்வி: விழுங்கக் கஷ்டம் என்றால் குளிசையைப் பொடி செய்து கொடுக்கலாமா? மிச்சம் வந்தால் என்ன செய்வது?
— வத்தளை

பதில்: மட்டையில் எஸ்ஆர், எக்ஸ்ஆர், சிஆர் என்ற எழுத்துகள் இருந்தால் பொடி செய்யவே கூடாது. நாள் முழுக்க மெதுவாக இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். மற்றவற்றையும் பாமசியில் ஒருக்கால் கேட்டுவிட்டே பொடியுங்கள், பாணியாகக் கிடைத்தால் அதுதான் லேசு.

மிச்சத்தை அடுத்த வலிக்கென்று வைக்க வேண்டாம், அயலவருக்கும் கொடுக்க வேண்டாம். மட்டையிலிருந்து உடைத்து எடுத்து, காலைத் தேத்தண்ணியின் ஈரச் சக்கையோடு பிசைந்து, பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். அப்படிப் போட்டால் பிள்ளையோ நாயோ பூனையோ எடுத்து வாயில் வைக்காது. பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருந்தால் கிழித்துவிட்டு எறியுங்கள்.